ஒரு சாண் கண் வலை

அன்று அந்தத் திட்டில் இருந்தவர்கள்:

என் மாமியார் செல்லம்மாள். நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர். நடவுப் பெண்களுக்கெல்லாம் தலைவி. எனக்கும்.

நிலத்துக்காரர் ராமநாதன் சார். சென்னையில் பேங்கு வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் கொள்ளிடத்துப் படுகையில் எல்லோரும் வாழை போடுவார்கள், கரும்பு போடுவார்கள். இவர் நெல்தான் போடுவேன் என்று நின்றார்.

காத்தமுத்து அண்ணன். நடவு வயலில் கயிறு பிடிக்கிறவர்.

அவர் பெண்சாதி அஞ்சலை அக்கா. புருஷன் பேசாத பேச்சையும் சேர்த்துத் தானே பேசிவிடுகிறவர்.

ஒரு நாய். யாருடையது என்று தெரியாது.

நான். பெயர் அமுதா.

நான் அதிகம் பேசமாட்டேன். பேசாத ஆளைப் பற்றி ஊருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. விஷயம் தெரிந்தவள், அதனால்தான் அடக்கமாக இருக்கிறாள் என்பார்கள். ஒன்றும் தெரியாததாலும் ஒருத்தி பேசாமல் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கு வந்த வினை அதுதான்.

பெண் பார்க்க வந்த அன்று அத்தை கேட்டார்.

"நடவு நடுவியா?"

தலையை ஆட்டினேன். நடுவேன்.

"குஞ்சம் கட்டுவியாமே?"

ஆட்டினேன். கட்டுவேன். (எனக்குத் திருவிடைமருதூர் பக்கம். பட்டுப்புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பது அங்கே வீட்டுக்கு வீடு உண்டு.)

"நாங்க ஆத்தங்கரைக்காரங்க. மீன் புடிப்போம். வலை பின்னத் தெரியுமா?"

தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்த வரவில்லை.

கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவர் வலை பரணில் கிடந்தது. யாரும் என்னைப் பின்னச் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன். ஆனால் அத்தை போகிற வயலெல்லாம் சொல்லி வைத்திருந்தார். "எம் மருமவ வாயத் தொறக்கமாட்டா. ஆனா வலை பின்னுவா!"

நான் வந்த இரண்டாவது வருஷம், ஆவணி மாதம். சாருடைய படுகை வயலில் நடவு. முந்தின நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். மேலே தண்ணீர் திறந்திருக்கிறது, யாரும் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம் என்று. சார் கணக்குப் போட்டார்.

"இங்க வந்து சேர ராத்திரி ஆயிடும். மத்தியானத்துக்குள்ள நட்டுட்டு ஏறிடலாம்."

ஆற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

காலை வெயில் ஏறும்போதே கரையிலிருந்து போன் வந்தது. தண்ணீர் பக்கத்து ஊரைத் தாண்டிவிட்டது. டிராக்டர் முதல் நடையில் பிள்ளைக்காரிகளை ஏற்றிக்கொண்டு போனது. அவசரத்தில் எல்லோருடைய சோற்றுத் தூக்கும் அதிலேயே போய்விட்டது. நாங்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இரண்டாம் நடைக்கு நின்றோம்.

டிராக்டர் வரவில்லை. ஆறு வந்தது.

வெள்ளம் என்றால் சினிமாவில் வருவது போல சுவராக எழும்பி ஓடி வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் ஒரு வாடை வந்தது. காய்ந்த மண்ணில் முதல் தண்ணீர் படுகிற வாடை. ஆனால் மழை இல்லை. பிறகு நுரை வந்தது, கரையோரம் நாய்க்குட்டி போல மோந்துகொண்டு. வயலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ள ஓடை உண்டு. டிராக்டர் அதில்தான் இறங்கி ஏறும். அது நிறைந்தது. பிறகு நாங்கள் காலையில் நட்ட நாற்று ஒவ்வொரு வரிசையாக உள்ளே போனது. தண்ணீர் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே உயர்ந்தது. சத்தமே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலம் காணாமல் போகிறது. அவ்வளவு பெரிய காரியம், ஒரு சத்தம் இல்லாமல்.

"அமுதா! வாயப் பொளந்துகிட்டு நிக்காத, ஏறு!" என்றார் அத்தை.

மோட்டார் கொட்டகை இருந்த மேட்டுக்கு ஏறினோம். சுற்றிலும் தண்ணீர். மேட்டின் மூன்று பக்கமும் கருவேல முள். ஒரு பக்கம் மட்டும் இரண்டு புங்கமரம், நடுவே வழி. அந்த வழியிலும் முழங்கால் தண்ணீர் ஓடியது.

சார் போனில் பேசினார். மீட்புப் படகு வருகிறதாம். வேறு ஊர்களில் குடிசைக்காரர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை ஏற்றிவிட்டு சாயங்காலத்துக்குள் வந்துவிடுவார்களாம்.

"சாயங்காலமா?" என்றார் அஞ்சலை அக்கா. "அக்காவுக்குச் சுகரு இருக்கே சார். காலையிலயே மாத்திரை போட்டாச்சு. இன்னும் சோறு திங்கல."

அப்போதுதான் எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். காலையில் மாத்திரை, பத்து மணிக்கு வரப்பில் உட்கார்ந்து சோறு. அவர் வழக்கம் அது. சோறு டிராக்டரில் போய்விட்டது.

"எனக்கு ஒண்ணும் ஆவாது," என்றார் அத்தை. நெற்றி வேர்த்திருந்தது.

தண்ணீரில் மீன் துள்ளியது. வெள்ளி போல ஒரு கெண்டை. அஞ்சலை அக்கா பார்த்தார். சார் பார்த்தார். பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"ஏ புள்ள, நீதான் வலை பின்னுவியாமே?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். தெரியாது என்பது நான்கே எழுத்து. அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் சொல்லி வைத்த முகம் அது.

தலையை ஆட்டினேன்.

வலைக்கு நூல் வேண்டும். இருந்தது காத்தமுத்து அண்ணனின் கயிறு. இரண்டு கயிறு, நைலான். வயலின் இந்த வரப்பில் ஒருவர் அந்த வரப்பில் ஒருவர் பிடிப்பார்கள். சாணுக்குச் சாண் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கும். பெயின்ட் இருக்கிற இடத்தில் ஒரு நாற்று. கயிறு நகரும், நாங்களும் பின்னால் நகர்வோம். காத்தமுத்து அண்ணன் அந்தக் கயிற்றை வெயிலில்கூடப் போடமாட்டார். வீட்டில் அரிசிப் பானைக்கு மேலே தொங்கும்.

"ஒரு கயித்தப் பிரிக்கணும்," என்றேன்.

"எதைப் பிரிக்கணும்?"

"மூணு புரியையும் தனித்தனியாப் பிரிச்சா மூணு கயிறு ஆவும்."

அவர் சாரைப் பார்த்தார். சார் தண்ணீரைப் பார்த்தார். அஞ்சலை அக்கா புருஷன் கையிலிருந்து பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "கயிறு பொழைச்சா போதும், அக்கா சாவட்டும்னு நிக்கிறியாய்யா?" காத்தமுத்து அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தார்.

எனக்கு வலை தெரியாது. குஞ்சம் தெரியும். முந்தானை ஓரத்தில் நூலைப் பிரித்து, இங்கே ஒன்று அங்கே ஒன்று எடுத்து முடிச்சுப் போடுவோம். அடுத்த வரிசையில் அந்த முடிச்சுக்கும் இந்த முடிச்சுக்கும் நடுவே முடிவோம். பார்த்தால் சல்லடை போல இறங்கும். அதுவும் வலை மாதிரிதானே என்று தோன்றியது. (தோன்றியதுதான் தப்பு.)

பிரிக்காத கயிற்றில் கொஞ்சம் வெட்டி இரண்டு புங்கமரத்துக்கும் நடுவே குறுக்கே கட்டினேன். அது முந்தானை. பிரித்த கயிறுகளை நறுக்கி, பாதியாக மடித்து அதில் மாட்டித் தொங்கவிட்டேன். அது நூல். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு முடிச்சுப் போட ஆரம்பித்தேன். அக்கம் பக்கத்து வால் இரண்டைச் சேர்த்து ஒரு முடிச்சு. இழுத்து இறுக்கு. அடுத்தது.

எங்கே முடிச்சுப் போடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. பிரித்த புரியிலும் சிவப்புப் பெயின்ட் இருந்தது, சாணுக்குச் சாண். கை தானாகப் பெயின்ட்டுக்குப் போனது. சின்ன வயதிலிருந்து நட்ட கை. சிவப்பைக் கண்டால் அங்கே நிற்கும்.

வேலை வேகமாக முடிந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடியில் செங்கல் கட்டித் தொங்கவிட்டேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒருத்தருக்கும் குறை தெரியவில்லை. அத்தனை பேரும் நடவுக்காரர்கள்.

"வரிசை சுத்தமா இருக்குடி," என்றார் அத்தை. குரல் கொஞ்சம் குழறியது.

"கோணலே இல்ல," என்றார் காத்தமுத்து அண்ணன். கயிறு போன துக்கத்திலும் அவருக்குப் பெருமை.

சார் இறங்கி வந்து வலைக்கண் ஒன்றில் கையை விரித்து வைத்துச் சாண் போட்டார். அடுத்த கண்ணிலும் வைத்தார். "இருபத்திரண்டரை சென்டிமீட்டர். கரெக்ட்டா இருக்கு!"

நெல்லுக்குக் கரெக்ட்தான்.

முதல் கெண்டை வந்தது. வலைக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. பிறகு நடுக்கண்ணில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. உடம்பில் ஒரு இடமும் படவில்லை. பின்னாலேயே இன்னொன்று. பிறகு ஒரு கூட்டம். கெளுத்தி ஒன்று மீசை இரண்டையும் விரித்துக்கொண்டு போனது. மீசைகூடத் தட்டவில்லை. ஒரு விரால், முழங்கை நீளம், உள்ளே போய், என்ன நினைத்ததோ, திரும்பி இன்னொரு கண் வழியாக வெளியே வந்து, மறுபடியும் போனது.

நாய் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது.

அஞ்சலை அக்கா இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார். "ஏன்டி, இது வலையா, கல்யாண வூட்டு வாசலா? வாங்க வாங்கன்னு கூப்புட்டு வுடுற?"

நான் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினேன்.

"மீனுக்கு ஒத்த நாத்து நடவு போட்டிருக்கா பாருங்க சார்! சாணுக்கு ஒரு மீனு நட்டுடலாம்!"

சார் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. காத்தமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கா என் கயித்தப் பிரிச்ச?" என்றார். அவ்வளவுதான். அஞ்சலை அக்கா சொன்னதெல்லாம் போய்விட்டது. அது மட்டும் நெஞ்சில் நின்றது.

வெட்கம் ஒரு பக்கம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், அந்த மீன்கள் போனதைப் பார்த்தபோது எனக்கு வெட்கம் கொஞ்ச நேரம் மறந்துபோனது. அத்தனை மீனை நான் ஒரு சேரப் பார்த்ததில்லை. கலங்கல் தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாக, ஒன்றின் வாலை ஒன்று பிடித்தது போல. ஒன்றுக்கும் அவசரம் இல்லை. எங்கே போகின்றன, யார் சொல்லிப் போகின்றன? கையை உள்ளே வைத்தேன். விரல் நடுவே ஒன்று உரசிக்கொண்டு போனது. பிடிக்கத் தோன்றவில்லை.

மேலே அஞ்சலை அக்கா கத்தினார். சிரிப்புக் கத்தல் இல்லை.

அத்தை கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்தார். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "அத்தை" என்றேன். என்னைப் பார்த்தார். யார் என்று தெரியாதது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு, "தூக்க எடுத்தாந்தியா?" என்று கேட்டார். சோற்றுத் தூக்கை.

"சுகர் இறங்கிடுச்சு," என்றார் சார். அவர் முகம் வெளுத்திருந்தது. "மீனெல்லாம் உதவாது இப்ப. இனிப்பு வேணும். உடனே. யார்கிட்டயாவது மிட்டாய் இருக்கா? சீனி?"

சாருடைய பையில் சார்ஜரும் கண்ணாடிக் கூடும் இருந்தன. காத்தமுத்து அண்ணன் மடியில் புகையிலை. அஞ்சலை அக்கா கொட்டகைக்குள் ஓடி மூட்டைகளைக் கிளறினார். "சார், வெள்ளையா இருக்கு சார்! சீனி மாதிரி இருக்கு!" என்று ஒரு கை அள்ளி வந்தார்.

யூரியா.

சார் மறுபடியும் போன் போட்டார். கிளம்பிவிட்டோம் என்றார்களாம். எங்கிருந்து என்று சொல்லவில்லை. அத்தையின் தலை என் தோளில் சாய்ந்தது. கனமாக இருந்தது. எப்போதும் என்னைத் திட்டுகிற வாய் சும்மா இருந்தது. அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அப்போதுதான் பயந்தேன்.

புங்கமரம் முறிகிறது போல ஒரு சத்தம்.

திரும்பினோம். தண்ணீர் இடுப்பளவு ஏறியிருந்தது. வலை நடுவில் தொப்பை போட்டுக்கொண்டு முன்னுக்குத் தள்ளியிருந்தது. அதில் ஒரு வாழைமரம் மாட்டி நின்றது. முழு மரம், கிழங்கோடு. மேற்கே எந்தப் படுகையிலிருந்தோ ஆறு பிடுங்கி வந்தது. இலையெல்லாம் கிழிந்து சடை போலக் கிடந்தது. தார் மட்டும் அப்படியே இருந்தது. பூவன் தார். யாரோ வெட்ட நேரமில்லாமல் விட்ட தார் போல. மேல் சீப்புகள் மஞ்சள் ஏறியிருந்தன.

எல்லோரும் முதலில் தாரைப் பார்த்தோம். பிறகு அத்தையைப் பார்த்தோம்.

மீதி இருந்த கயிற்றை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். மறுமுனையைக் காத்தமுத்து அண்ணன் கையில் கொடுத்தேன். "வுட்டுடாதீங்க."

"இருவது வருஷமா புடிக்கிறேன்," என்றார். "போ."

இறங்கினேன். தண்ணீர் காலைப் பிடுங்கியது. கரையிலிருந்து பார்க்கும்போது மெதுவாகப் போகிற ஆறு, உள்ளே இறங்கினால் வேறு ஆள். ஆயிரம் மாடு சேர்ந்து முட்டுவது போல இருந்தது. நான் போட்ட வலையையே பிடித்துக்கொண்டு போனேன். கண்ணுக்கு ஒரு கால், கண்ணுக்கு ஒரு கை. ஏணி மாதிரி இருந்தது. (சின்னக் கண்ணாக இருந்திருந்தால் கால் நுழைந்திருக்காது. இதை நான் அஞ்சலை அக்காவிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.) ஒரு சீப்பைத் திருகிப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். கயிறு என்னை மேட்டுக்கு இழுத்தது.

பழத்தைப் பிசைந்து அத்தை வாயில் வைத்தேன். முதல் பழம் பாதி வெளியே வந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதை அவரே கடித்தார். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வேர்வை காய்ந்தது. நடுக்கம் நின்றது. கண் ஒரு இடத்தில் நிலைத்தது. என் மேல்.

"மீனு எங்கடி?" என்றார்.

அஞ்சலை அக்கா உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்ததை எழுதினால் புளுகு என்பீர்கள். ஆறு அன்று ஊர் ஊராக வீடு காலி செய்துகொண்டு வந்தது. மீனுக்கு வழிவிட்ட என் வலை மற்ற எதையும் விடவில்லை. இன்னொரு வாழை. ஒரு பறங்கிக்காய், பிள்ளை வயிறு போல. நாலைந்து தேங்காய். பிளாஸ்டிக் குடம். ஒரு கதவு, தாழ்ப்பாளோடு. ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி நிமிர்ந்தபடியே வந்து, யாரோ போட்டு வைத்தது போல வலையோரம் நின்றது. வேலி மூங்கில் ஒன்றில் சாரைப்பாம்பு சுற்றிக்கொண்டு வந்தது. வலையில் மூங்கில் நின்றதும் அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. வந்த இடம் சரியில்லை என்பது போல இறங்கி நீந்திப் போனது. எறும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உருண்டையாக மிதந்து வந்தன. அவை மட்டும் மீன் போல நடுக்கண்ணில் புகுந்து போயின. எத்தனை ஆயிரம் இருக்கும்? ஒன்றுகூடக் கையை விடவில்லை.

எல்லாம் போகிற தண்ணீர் அது. நிற்பது நாங்களும் அந்த வலையும்தான். ஒரு கயிற்றில் நாலு முடிச்சு. அதை அவ்வளவு பெரிய ஆறு முட்டுகிறது. முடிச்சு நிற்கிறது. எனக்கு நம்ப முடியவில்லை. போட்டது என் கைதான். இருந்தாலும் நம்ப முடியவில்லை.

அத்தை நன்றாகத் தேறிவிட்டார். கொஞ்சம் அதிகமாகவே. சிவப்பு நாற்காலியை மேட்டில் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வாழைத்தார்.

"காத்தமுத்து, அந்தக் கதவ இந்தாண்ட சாத்து. அஞ்சல, தேங்காய நவுத்து, உருண்டுடும். சார், பறங்கிக்கா உங்களுக்கு வேணுமா?"

ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு பழம் உரித்தார்.

"போதும் செல்லம்மா," என்றார் சார். "ரொம்ப ஏறிடப் போவுது."

"பூவன்தானே சார். வாய்ல போட்டா கரைஞ்சுபோவுது. வீணாக்கவா சொல்றீங்க, ஆத்துத்தாயி குடுத்தத?"

தோலை நாய்க்குப் போட்டார். நாய் மோந்து பார்த்துவிட்டு எட்டிப் போய்ப் படுத்தது.

வெயில் சாயும்போது மோட்டார் சத்தம் கேட்டது. மேற்கிலிருந்து ரப்பர் படகு வந்தது. உள்ளே மூன்று பேர், ஆரஞ்சுச் சட்டை. எங்களைப் பார்த்துவிட்டார்கள். கையை ஆட்டினார்கள். மூன்று பக்கமும் முள் இருந்ததால், நேரே இரண்டு புங்கமரத்துக்கு நடுவே இருந்த வழிக்குத் திரும்பினார்கள்.

தண்ணீர் அதற்குள் வலையின் மேல் கயிறு வரைக்கும் ஏறி மூடியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது.

"வலை இருக்கு! வராதீங்க!" என்று ஐந்து பேரும் கத்தினோம். கையை ஆட்டினோம். நானும் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியது அப்போதுதான். மோட்டார் சத்தத்தில் அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேட்டில் ஐந்து பேர் குதித்துக் கையை ஆட்டினால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? சந்தோஷம் என்றுதான் நினைப்பார். முன்னால் நின்றவர் இன்னும் பெரிதாகக் கையை ஆட்டிச் சிரித்தார்.

படகின் மூக்கு தாண்டியது. பின்னால் தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டிருந்த விசிறி தாண்டவில்லை. "கர்ர்" என்று ஒரு சத்தம். நின்றது. படகு சுழன்று குறுக்கே திரும்பி, வலையில் சாய்ந்துகொண்டது. சிரித்தவர் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு புங்கமரமும் வளைந்தன. போச்சு, அறுந்தது, மூன்று பேரும் கடலுக்குப் போகப் போகிறார்கள் என்று நினைத்தேன். அறவில்லை. ஒரு படகு, ஒரு மோட்டார், மூன்று ஆள், பின்னால் கொள்ளிடம் முழுக்கத் தள்ளுகிறது. என் குஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றது.

எங்களை மீட்க வந்தவர்களைக் காத்தமுத்து அண்ணன் கயிறு போட்டுப் படகோடு மேட்டுக்கு இழுத்து மீட்டார்.

மூவரில் பெரியவர், நரைத்த மீசைக்காரர், சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார். "யாருங்க இங்க வலை கட்டினது?"

அஞ்சலை அக்காவின் விரல் என்னைக் காட்டியது. காத்தமுத்து அண்ணன் விரல் காட்டியது. சார் விரலை நீட்டவில்லை, தாடையால் காட்டினார். அத்தை வாழைப்பழத்தால் காட்டினார்.

"நீயாம்மா? ஆத்துல போட்டை மறிச்சு வலை போடுவியா? என்னாத்தப் புடிக்கிறதுக்கு?"

"மீனு," என்றேன்.

அவர் குனிந்து விசிறியில் சுற்றியிருந்ததைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கண்ணுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். தலை போனது. வெளியே எடுத்தார். "எவ்ளோ பெரிய மீனும்மா?"

இளைஞர் ஒருவர் முடிச்சைப் பிரிக்கப் பார்த்தார். நகம் போனது. நனைந்த குஞ்ச முடிச்சு பிரியாது. பிரியக் கூடாது என்றுதான் கட்டுவது. பல்லால் கடித்துப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

"அறுக்காதீங்க தம்பி!" என்று காத்தமுத்து அண்ணன் நடுவில் விழுந்தார். "ஏற்கனவே ஒண்ண பிரிச்சுட்டாங்க. மேக்கயிறாவது முழுசா இருக்கட்டும். நாளைக்கு நடவு இருக்கு!"

"எந்த வயல்ல அண்ணே?" என்றார் அந்த இளைஞர். சுற்றிலும் பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீர்.

அறுத்தார்கள். துண்டு துண்டாக எடுத்தார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். மோட்டார் மூன்றாவது இழுப்பில் இருமி, பிறகு ஓடியது. முதலில் ஏறியது நாய். பிறகு அத்தை. வாழைத்தார் வராமல் நான் வரமாட்டேன் என்று மேட்டிலேயே நின்று, அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். படகு திரும்பியபோது பின்னால் பார்த்தேன். கதவும் பறங்கிக்காயும் நாற்காலியும் மேட்டில் வரிசையாக இருந்தன. யாரோ குடிவரப் போகிறது போல.

கரையில் பள்ளிக்கூடத்தில் முகாம். ஒரு நர்ஸ் பெண் அத்தையிடம் வந்தாள்.

"சுகர் இருக்குங்களா அம்மா? இன்னிக்கு என்ன சாப்டீங்க?"

"ஒண்ணும் சாப்புடலம்மா. வெறும் வயிறு. சோத்தக் கண்ணால பாக்கல."

மடியில் தார் இருந்தது. பாதிக்கு மேல் காம்புதான்.

"அம்மா, இந்தப் பழம்?"

"இதுவா? ஆத்துல வந்துது. பழத்தையெல்லாம் சாப்பாட்டுல சேப்பாங்களாம்மா?"

நர்ஸ் விரலில் குத்தினாள். மிஷினைப் பார்த்தாள். தட்டினாள். இன்னொரு விரலில் குத்திப் பார்த்தாள். அத்தைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். ஊசி போட்டார்கள், படுக்க வைத்தார்கள், ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். காலையில் எழுந்து இட்லி வெந்தது சரியில்லை என்று சண்டை போட்டார். சரியாகிவிட்டது என்று தெரிந்தது.

என் பேர் கெட்டது கெட்டதுதான். தெருவில் ஓட்டை விழுந்தது எல்லாம் இப்போது 'அமுதா வலை'. கொசுவலை கிழிந்தால் அமுதா வலை. தோசையில் கண் பெரிதாக விழுந்தால் அமுதா வலை. வேலிக்குள் ஆடு நுழைந்தால், "யாரு கட்டுன வேலி, அமுதாவா?" என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போன் பண்ணினால் முதலில் கேட்பது, "என்னா புள்ள, இன்னிக்குப் படகு ஏதாச்சும் மாட்டுச்சா?"

காத்தமுத்து அண்ணன் புதுக் கயிறு வாங்கிவிட்டார். நான் இருக்கும் வயலில் சாப்பாட்டு நேரத்துக்கு அதைத் தலையில் சுற்றிக்கொண்டு உட்காருகிறார்.

அத்தை அந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தரமும் வலை இரண்டு கஜம் வளரும். சாரைப்பாம்பு மலைப்பாம்பு ஆகும். மாட்டியது ஒரு படகு என்றால், நாலாம் தரம் சொல்லும்போது இரண்டு. எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறவர் ஒன்றை மட்டும் குறைத்துவிடுவார். கடைசியில் சுகரு எவ்வளவு இருந்தது என்று யாராவது கேட்டால், "என்னா, ஒரு இருநூறு" என்பார்.

நர்ஸ் என்னிடம்தான் சொன்னாள்.

நானூற்றுப் பதினெட்டு.